நாச்சிமுத்து கேட்ட டயர்

"மாஸ்டர், நான் எந்த டயர் போடறதுங்க?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"நீங்க போற வழி எப்படி இருக்கும்?" என்று கேட்டார் எஸ்தர் மாஸ்டர்.

"திருமூர்த்தி இருபத்தெட்டு போட்டிருக்கான்."

எஸ்தர் மாஸ்டர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்து ஆணியில் மாட்டினார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

*

வடவள்ளி தாண்டி, மலை தெரியும் பக்கமாக ஒரு தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டிய எஸ்தர் மாஸ்டர் அதற்குள் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள்களோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மெல்லிய குழாய், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், அந்தக் காலத்து வண்டிகள்.

அவர் யாருக்கும் சைக்கிள் கட்டித் தர மாட்டார். வெறும் ஃப்ரேமைத் தருவார். ரிம், டயர், பிரேக், சீட் எல்லாவற்றையும் வந்தவரே தேடிப் பொறுக்கி, வந்தவரே மாட்ட வேண்டும். கேட்டால் பதில் சொல்வார். பாதி நேரம் அந்தப் பதிலும் கேள்வியாகத்தான் இருக்கும்.

நாச்சிமுத்து கிரைண்டர் உதிரிபாகம் விற்கிறவன். பேரிங்கைக் காதருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாலே அதன் ஆயுசைச் சொல்லிவிடுவான். கொட்டகைக்கு முதலில் வந்தவன் அவன்தான். தன் சிநேகிதன் திருமூர்த்தியைக் கையைப் பிடித்து அங்கே அழைத்து வந்தவனும் அவன்தான்.

வந்த திருமூர்த்தி முந்திக்கொண்டான். நாச்சிமுத்து யோசித்துக்கொண்டே இருக்க, அவன் கிடைத்ததை வாங்கி மாட்டி, விசில் அடித்தபடியே சைக்கிளை முடித்துவிட்டான்.

எஸ்தர் மாஸ்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பின் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஓடும்" என்றார்.

அந்தக் கொட்டகையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பல பேருக்கு அதுவும் கிடைத்ததில்லை.

நாச்சிமுத்து கை தட்டினான். திருமூர்த்தியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். பஸ் ஸ்டாப்பில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குப் போனதும் சாப்பாடு இறங்கவில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து அவனைக் காப்பாற்ற எனக்கு விருப்பமில்லை.

*

அவனுக்கு ஃப்ரேம் எடுக்கும் நாள் வந்தது. கொட்டகையில் இரண்டு ஃப்ரேம்கள் தொங்கின. ஒன்று பச்சை, கொஞ்சம் குட்டையானது. இன்னொன்று சிவப்பு, உயரமானது. திருமூர்த்தி எடுத்ததற்கு அச்சு அசல் ஜோடி.

எஸ்தர் மாஸ்டர் தாடையால் பச்சையைக் காட்டினார்.

"அது சின்னப் பசங்க சைக்கிள் மாதிரி இருக்குதுங்க மாஸ்டர்."

"உங்க கால் என்ன நீளம்?"

"திருமூர்த்தியோடது இதே சைஸ்தானுங்களே" என்று சிவப்பைத் தொட்டான்.

நாச்சிமுத்து திருமூர்த்தியின் தோளுக்குத்தான் வருவான். ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். சீட்டை இறக்கிக்கொண்டால் போயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

எஸ்தர் மாஸ்டர் சிவப்பு ஃப்ரேமைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். பச்சை அங்கேயே தொங்கியது.

*

டயர் விஷயத்தில் அவனுக்கு மனசு ஆறவில்லை. திருமூர்த்தி போட்டிருந்தது இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகலம். நாச்சிமுத்து முப்பத்திரண்டு வாங்கிவந்தான். பக்கவாட்டில் தேன் நிறம், நடுவில் கறுப்பு. பார்த்தால் தின்னலாம் போல இருந்தது.

"அவனுதைவிடத் தாட்டியமா நிக்குது பாருங்க" என்றான்.

எஸ்தர் மாஸ்டர் அலமாரியிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு கொண்டைக்கடலையை எடுத்தார். டயருக்கும் அதைக் கவ்வி நிற்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் ஒரு கடலை உருண்டு போக வேண்டும். அது அந்தக் கொட்டகையின் கணக்கு. கடலை போனால்தான் மழைக்காலத்துச் சேறும் போகும்.

கடலையை டயர் மேல் வைத்துச் சக்கரத்தை மெல்ல உருட்டினார். கடலை ஃபோர்க்கின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. சக்கரம் நின்றது.

"டயர் நல்ல டயர்தான்" என்றார். "இந்த ஃப்ரேம்ல ஏறாது."

கடலையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு போனார்.

நாச்சிமுத்து முப்பத்திரண்டை அலமாரியில் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தெட்டு வாங்கினான். அதே கம்பெனி. அதே நிறம்.

*

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஒரே வேலைதான். திருமூர்த்தியைப் பார்ப்பது.

எல்லோரும் சிறுவாணி ரோட்டில் கூட்டமாகப் போவார்கள். நாச்சிமுத்து ஒரு இரவல் சைக்கிளில் பின்னாலேயே போவான். மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள், தோப்பைப் பார்த்தார்கள். இவன் திருமூர்த்தியின் முதுகைப் பார்த்தான். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முழங்கை எவ்வளவு நீள்கிறது, ஏற்றத்தில் எந்தக் கியர் போடுகிறான் என்று கண் கொட்டாமல் பார்த்தான்.

ஒரு நாள் கண்டுபிடித்தான். டீக்கு நிற்கும்போதெல்லாம் திருமூர்த்தி பிடரியை அமுக்கிக்கொண்டான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நாச்சிமுத்துக்கு டீ தித்தித்தது. ஆக, அவன் சைக்கிளிலும் குறை இருக்கிறது! ஹேண்டில் ரொம்பத் தள்ளிப் போய்விட்டது, எட்டிப் பிடிக்கிறான்!

இன்னொரு நாள் இன்னொன்று தெரிந்தது. இறங்கியதும் திருமூர்த்தி இடது கையை உதறுவான். விரல்கள் மரத்துப்போகின்றன போலிருக்கிறது.

நாச்சிமுத்து தன் சைக்கிளுக்குக் ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மில் கொஞ்சம் குட்டையானதைத் தேடிப் பிடித்தான். ஹேண்டில் அரை விரல் உள்ளே வந்தது. இடது பக்கத்துக்கு ஹேண்டில் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினான். அவனிடம் இல்லாதது என்னிடம் இருக்கும் என்று நினைத்தபோது அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஒரு மத்தியானம் திருமூர்த்தி வடை வாங்கப் போயிருந்தான். அவன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. நாச்சிமுத்து அளவு டேப்பை உருவினான். பெடலிலிருந்து சீட் வரை அளந்தான். சீட் எவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறது என்று அளந்தான். நிமிர்ந்தால் எஸ்தர் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

நாச்சிமுத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"அளந்தாச்சா?" என்றார்.

"சும்மாங்க மாஸ்டர். ஒரு இதுக்கு."

"டேப்பை எடுத்த இடத்துல வைங்க."

அவன் அந்த அளவுகளில் தன் சீட்டை மாட்டினான். மில்லிமீட்டர் பிசகவில்லை. இறக்கிக்கொள்ளலாம் என்ற பழைய சமாதானம் அப்போது அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

*

சைக்கிள் முடிந்தது.

சிவப்பு ஃப்ரேம், தேன் நிற டயர், பளபளவென்று பெடல் கிராங்க். செயினில் எண்ணெய் அளவாக இருந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் நிற்க மனசில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

நாச்சிமுத்து எஸ்தர் மாஸ்டரின் வாயையே பார்த்தான். அந்த ஒரு சொல். அதற்காகத்தான் இத்தனை பாடு. அது கிடைத்துவிட்டால் இராத்தூக்கம் திரும்பி வந்துவிடும் என்று நம்பினான்.

எஸ்தர் மாஸ்டர் சுற்றி வந்தார். டப்பாவிலிருந்து கடலையை எடுத்தார். கடலை உருண்டு போயிற்று.

"யாரு முதல்ல ஓட்டறது?" என்றார்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவன் முதலில் ஏறக் கூடாது. மாட்டும்போதுகூட உட்கார்ந்து பார்க்கக் கூடாது. வேறு ஒருவர் ஓட்டிப் போய்விட்டு வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும். கட்டியவன் காதுக்குத் தன் சைக்கிளின் சத்தம் கேட்காது என்பது எஸ்தர் மாஸ்டரின் கட்சி.

"திருமூர்த்தி ஓட்டட்டுமுங்க" என்றான் நாச்சிமுத்து.

அவன் வேண்டுமென்றேதான் சொன்னான். ஓட்டிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வயிறு எரியட்டும். என் வயிறு எத்தனை நாள் எரிந்தது!

திருமூர்த்தி காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். இரண்டு மிதி மிதித்தான். ரோட்டுத் திருப்பத்தில் மறைந்தான்.

ரொம்ப நேரம் வரவில்லை. கூடியிருந்தவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நாச்சிமுத்து வாசலிலேயே நின்றான். கால் வலித்தும் உட்காரவில்லை.

திருமூர்த்தி திரும்பி வந்தபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. இறங்காமல் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான்.

"சொல்லு" என்றான் நாச்சிமுத்து.

"எனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குதுங்ண்ணா."

"குறை?"

"ஒண்ணும் இல்லீங்ண்ணா. என்னுதுல கழுத்து இழுக்கும். இதுல இழுக்கலை. கைகூட மரத்துப்போகலை. நரசீபுரம் வரைக்கும் போயிட்டேன், திரும்பறதுக்கே மனசு வரலை." அவன் ஹேண்டிலைத் தடவினான். இடது பக்கத்து டேப் தடிமனாக இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. தடவிய கை அங்கேயே நின்றது.

"அண்ணா, என் கழுத்து வலியை நான் வீட்டுலகூடச் சொல்லலைங்களே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நாச்சிமுத்து குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னை இத்தனை கவனிச்சுப் பார்த்தவங்க யாரும் இல்லீங்ண்ணா" என்றான் திருமூர்த்தி. அவன் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நாச்சிமுத்துக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எஸ்தர் மாஸ்டர் வந்து பின் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஓடும்" என்றார்.

கிடைத்துவிட்டது. நாச்சிமுத்து அதைக் கேட்டான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்து மேளம் போல அது காதில் விழுந்தது.

"இப்ப நீங்க ஏறுங்க" என்றார் எஸ்தர் மாஸ்டர்.

திருமூர்த்தி இறங்கிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். நாச்சிமுத்து காலைத் தூக்கினான். முதல் தடவை சீட்டில் இடித்தது. இரண்டாம் தடவை எப்படியோ ஏறி உட்கார்ந்தான். கீழே இருந்த பெடல் அவன் காலுக்கு எட்டவில்லை. தரையும் எட்டவில்லை. திருமூர்த்தி கையை விட்டால் விழுந்துவிடுவான்.

திருமூர்த்தி விடவில்லை.

"சீட்டை இறக்கிக்கலாமுங்ண்ணா" என்றான் மெதுவாக.

நாச்சிமுத்து சறுக்கிக்கொண்டு கீழே இறங்கினான். குறுக்குக் குழாய் அவனைத் தூக்கிப் பிடித்தது. குதிகால் இரண்டும் அந்தரத்தில் நின்றன. சீட்டை இறக்கலாம். குழாயை எங்கே இறக்குவது?

அவன் காலைத் தாண்டிப் போட்டு, சைக்கிளை விட்டு விலகி நின்றான். சிநேகிதன் கையில் அது எடுப்பாக இருந்தது.

"நல்ல சைக்கிள்" என்றார் எஸ்தர் மாஸ்டர். "உங்களுது எங்கே?"

நாச்சிமுத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களே மாஸ்டர்! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"டயர் கேட்ட அன்னைக்கே வழி எப்படின்னு கேட்டேன்" என்றார் எஸ்தர் மாஸ்டர். "நீங்க இன்னும் பதில் சொல்லலை."

நாச்சிமுத்து பச்சை ஃப்ரேமைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு முதல் தடவையாகத் தன் வீட்டுத் தெருவை நினைத்துப் பார்த்தான்.

"தண்ணிக் குழாய் போடறதுக்குத் தோண்டி மூடின தெருங்க மாஸ்டர்" என்றான். "முக்கு வரைக்கும் ஜல்லி. அதுக்கப்புறம் மண்ணு."

எஸ்தர் மாஸ்டர் பச்சை ஃப்ரேமைக் கழற்றிக் கீழே வைத்தார். அலமாரியில் கிடந்த முப்பத்திரண்டு டயரை எடுத்து ஊதித் தூசி தட்டினார்.

டப்பாவை அவன் பக்கம் நீட்டினார்.

"கடலையை நீங்களே எடுங்க."