கண்ணைக் கட்டிப் பறந்த ட்ரோன்

விமான நிலையத்தை ஒட்டிய நகரம் ஒன்றில் ஒரு ட்ரோன் இருந்தது. கல்யாணங்களை வானத்திலிருந்து படம் எடுப்பது அதன் பிழைப்பு. அதை ஓட்ட முதலாளி சகாயராஜிடம் உரிமம் இருந்தது. ட்ரோனுக்கும் பதிவெண் உண்டு. இருந்தும் அதற்குப் பயம் விட்டபாடில்லை. தொட்டதற்கெல்லாம் பதறும் சுபாவம்.

அதன் தலையில் ஜி.பி.எஸ். குடியிருந்தது. எங்கே இருக்கிறோம் என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. விமான நிலையத்தைச் சுற்றி அனுமதியின்றிப் பறக்கக்கூடாத சிவப்பு மண்டலம் என்றால் மட்டும், "அனுமதி எங்கே?" என்று கேட்டு விசிறிகளைச் சுற்றவே விடாது. சரியான பிடிவாதக்காரன்!

அன்றைய மண்டபம் சிவப்பு மண்டலத்துக்குள் இருந்தது. முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்க வேண்டும். சகாயராஜ் நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பிருச்சு. இன்னும் மேல விடலையா?" என்று நெருக்கினார் பெண்ணின் தாய்மாமன் கருப்பண்ணன்.

"ஏர்போர்ட் பக்கம்ண்ணே. பெர்மிஷன் வாங்கலை."

"அதையெல்லாம் யாரு பாக்கப் போறா? சும்மா ஒரு சுத்து விடுப்பா!"

சகாயராஜ் பிரியாணி கட்டியிருந்த வெள்ளித்தாளைக் கிழித்து ஜி.பி.எஸ். மேல் சுற்றினார். தொழிலில் நாலு பேர் செய்கிற வேலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"ஐயோ, எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!" என்றது ஜி.பி.எஸ்.

"பேசாமல் இரு. தெரிந்தால் நீ விடமாட்டாய்" என்றது ட்ரோன்.

மேலே போனதும் காற்று அதைப் பிடித்துத் தள்ளியது. வழக்கமாக ஜி.பி.எஸ். இழுத்து நிறுத்தும். இன்று நிறுத்த ஆளில்லை. மண்டபம் நழுவியது, மொட்டைமாடிகள் நழுவின. கீழே சகாயராஜ், ட்ரோனைக் கிளம்பிய இடத்துக்கே வரவழைக்கும் 'வீடு திரும்பு' பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"என்னால் முடியவில்லை, சீக்கிரம் இறங்கு!" என்று முனகியது பேட்டரி.

எங்கே இறங்க? அடியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். எதிரே ஒரு விமானம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"சொல்லித் தொலை! வீடு எந்தப் பக்கம்?" என்று அலறியது ட்ரோன்.

"எனக்கு இருந்தது ஒரே கண்" என்றது ஜி.பி.எஸ். "எல்லையைப் பார்த்ததும் அதுதான், வீட்டைப் பார்த்ததும் அதுதான்."