அம்மனுக்கு முதல் வேர்

கொட்டாரக்குடி கோயில் குளத்துக்குத் தாமரைக்குளம் என்று பெயர். அதில் தாமரை பூத்ததைப் பார்த்தவர் யாரும் இன்று உயிரோடு இல்லை. இருப்பவர்கள் பார்த்ததெல்லாம் மஞ்சள் தண்ணீரைத்தான். குளத்துக்கு மேற்கே தீனதயாளனின் பட்டறை. குழாய்க்கும் கதவுக் கைப்பிடிக்கும் முகம் பார்க்கும் அளவுக்குக் குரோம் முலாம் பூசுவார்கள். பளபளப்பு வெளியூர்களுக்குப் போகும். கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வரும். நியாயமான பங்கீடு.

தாட்சாயணி டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துபவள். அவள் ஊரைக் கூட்டிக் கூச்சல் போட்டதில், தீனதயாளன் கழிவைப் பட்டறைக்குள்ளேயே தொட்டியில் தேக்கத் தொடங்கினான். வாய்க்கால் காய்ந்தது. குளத்தில் ஏற்கெனவே சேர்ந்திருந்த நஞ்சை என்ன செய்வது? மூங்கில் தெப்பங்களில் வெட்டிவேர்ப் புல்லை நட்டு மிதக்கவிடலாம் என்றாள். மண்ணே வேண்டாம், வேர்கள் தண்ணீருக்குள் தொங்கி, உலோகத்தை உறிஞ்சித் தம்மிடமே வைத்துக்கொள்ளும்.

குளம் கோயிலுடையது. ஆகவே தர்மகர்த்தா வைத்தியலிங்கத்திடம் போனாள். தர்மத்தை நடத்துபவர் என்று அகராதி பொருள் சொல்கிறது. அகராதி எழுதியவர் வைத்தியலிங்கத்தைச் சந்தித்ததில்லை.

"எங்க குளத்துல புல்லு வளக்கப் போறீங்க. அம்மனுக்கு என்னம்மா கிடைக்கும்?"

"குளம் சுத்தமாகும் ஐயா."

"அது குளத்துக்கு. நான் அம்மனுக்குக் கேட்டேன்."

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய நாள் ஒரு கட்டு வெட்டிவேரைப் பித்தளை அண்டாவில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவார்கள். மறுநாள் காலை, மணக்கும் அந்தத் தண்ணீர்தான் தீர்த்தம். ஊரே வரிசையில் நின்று குடிக்கும்; காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குச் செம்பில் வாங்கிப்போய்ப் புகட்டும்.

"முதல் வேர் அம்மனுக்கு" என்று எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து டீச்சர் சத்தியம் செய்தாள். செய்யும்போதே அந்த வேரில் என்ன இருக்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும். வேர் இறங்க நாளாகும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர்களுக்கு எப்போதும் அதற்குள் ஏதாவது வழி பிறந்துவிடும்.

வழி பிறக்கவில்லை, புல்தான் வளர்ந்தது. அடுத்த சித்திரைக்குள் தண்ணீர் தெளிந்து, குளத்தின் அடியிலிருந்த படிகள் கண்ணுக்குத் தெரிந்தன. டீச்சர் ஒரு துண்டு வேரைச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தர்மகர்த்தாவிடம் ஓடினாள்.

"ஐயா, சோதனை முடிவு வரட்டும். அதுவரைக்கும் அந்த வேரை ஊறப்போடாதீங்க. கடையில நானே வாங்கித் தரேன்."

"சத்தியம் பண்ணது நீங்க. அம்மன் பொருளுக்குச் சோதனையா? அவ கை பட்டா விஷமும் அமிர்தம்மா."

"அப்ப இத்தனை வருஷம் குளத்துத் தண்ணிய ஏன் ஐயா நீங்க குடிக்கல?"

 தர்மகர்த்தா ஆள் விட்டுத் தெப்பத்து வேரை அறுத்துக் கட்டவைத்தார். கட்டைக் கோயிலுக்குக் கொண்டுசேர்க்கத் தன் வேனைத் தருவதாகத் தீனதயாளன் முன்வந்தான். அம்மன் கைங்கரியம் என்றான். ஊரைக் கெடுப்பவர்களுக்குக் கைங்கரியத்தில் எப்போதும் ஆசை அதிகம்.

திருவிழாக் காலையில் டீச்சர் ஒரு முடிவோடு புறப்பட்டாள். சத்தியம் போனால் போகட்டும், ஊர் காறித் துப்பினால் துப்பட்டும். அண்டாவைக் கவிழ்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போனால், வரிசையில் முதல் ஆள் தீனதயாளனின் தாய். மகனே முகந்து அவள் கையில் ஊற்றிக்கொண்டிருந்தான். "குடிம்மா, நல்லா குடி."

டீச்சர் அண்டாவின் விளிம்பைப் பற்றினாள். உள்ளே பார்த்தாள். அடியில் மெல்லிய வெள்ளை மணல் படிந்திருந்தது. தெப்பத்து வேர் மண்ணையே கண்டதில்லை. அவள் கை விளிம்பை விட்டது.

அவனை ஓரமாக அழைத்துப் போனாள்.

"எங்க வாங்குனீங்க?"

"கடலூர்ப் பக்கம். முதல் தரம், டீச்சர்."

"சோதனை முடிவே இன்னும் வரல. குளத்து வேருல விஷம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நான் ஊத்துனது எனக்குத் தெரியாதா?" சிரித்தான். "வருஷா வருஷம் முதல் தீர்த்தம் எங்கம்மாவுக்குத்தான். சத்தமாக் கேக்காதீங்க, உங்க சத்தியமும் தப்பிச்சிடுச்சில்ல?"

"அந்த வேர் எங்க?"

"ஒழிச்சாச்சு, விடுங்க."

அதற்குள் தர்மகர்த்தா அவளைப் பந்தலுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். "சொன்ன சொல் தவறாத டீச்சரம்மா!" ஊர் கைதட்டியது. அவள் கும்பிட்டாள், தீர்த்தமும் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பட்டறைக்குப் பின்னால் காய்ந்த வாய்க்காலைத் தாண்ட வேண்டும். எப்போதும் அமில நெடி அடிக்கும் அந்த இடத்தில் அன்று வெட்டிவேர் மணந்தது. மேற்கே கோடை மழை கறுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

இனி உங்கள் பாடு. சத்தியத்தை விடாமல் பிடித்த தர்மகர்த்தா, பொய் வேரால் ஊரைக் காத்த தீனதயாளன், உண்மை தெரிந்தபின் வாய் திறக்காத டீச்சர். இதில் யார் செய்தது சரி?

விடை: தர்மகர்த்தா பொய் சொல்லவில்லை, ஆனால் கேட்க மறுத்தவருக்கு அறியாமை சாக்காகாது. வேரை மாற்றியவன் செய்தது சரி என்று சொல்ல வருகிறவர்கள் அந்த வாய்க்காலை ஒருமுறை முகர்ந்துவிட்டு வரலாம்: தாயின் வாய்க்குப் போகாமல் தடுத்த நஞ்சை, மழை பெய்தால் குளத்துக்கே போகும் இடத்தில் போட்டிருக்கிறான். டீச்சர் அண்டாவின் விளிம்பைப் பற்றியிருந்த நேரம் மட்டும் சரி. அதற்கு முன்னால் தெரிந்தே சத்தியம் செய்தாள். அதற்குப் பின்னால் தெரிந்தே நடந்தாள். ஆக, மனிதர்களில் யாருமில்லை. வாங்கிய நஞ்சை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது புல் ஒன்றுதான். தெப்பத்தில் அது மறுபடி துளிர்க்கும். மழைக்குப் பின் அதே நஞ்சை இரண்டாம் முறை குடிக்கும்.