யானைக்கு வந்த முதுகுவலி

வெண்பாறைக் கோட்டையை ஆண்ட மகுடபூபதி ராஜாவுக்கு வெளியே பகைவர் யாரும் கிடையாது. அவருடைய ஒரே பகை அவர் வயிறுதான்.

காலையில் எழும்போதே நெஞ்செரிச்சல். மதியம் நெய்யில் மிதக்கும் சோறு, அதன்மேல் அதிரசம், அதற்கும் மேல் ஒரு பெரிய ஏப்பம். மாலையில் பல்லக்கு. இரவு வெகுநேரம் வரை கச்சேரி, கச்சேரி முடிந்ததும் மறுபடி ஓர் இலை. பிறகு விடியும்வரை புரண்டு புரண்டு படுப்பார். வயிறு தினமும் முறையிட்டது. அதன் பேச்சை மட்டும் மனிதர்கள் ஏன் கடைசியாகக் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

ஒருநாள் ராஜா அரண்மனை வைத்தியர் மருதப்பரைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். விஜயதசமி ஊர்வலத்துக்குள் தன் உடம்பு சரியாக வேண்டும். இல்லையென்றால் வைத்தியர் ஊரைவிட்டே போய்விட வேண்டும். அதோடு நிற்கவில்லை. குறைத்துச் சாப்பிடு, நட, நேரத்தோடு தூங்கு என்று எவனாவது தன்னிடம் வாயைத் திறந்தால் அவனுக்கும் அதே தண்டனை என்றார்.

மருதப்பர் நேராகத் தன் சம்பந்தி வீட்டுக்குப் போனார். அவருடைய சம்பந்தி கோமதிநாயகம் சபையில் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனக்காரர். எதையும் வளைத்து யோசிப்பவர்.

"அந்த மூன்றைத் தவிர வேறு மருந்தே இல்லை, சம்பந்தி. மூன்றையும் சொல்லக்கூடாதாம். நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"நீங்கள் போனால் உங்கள் மகள் என் வீட்டில் உட்கார்ந்து அழுவாள். அப்புறம் எனக்குச் சோறு யார் போடுவது? சும்மா இருங்கள், பார்க்கலாம்" என்றார் கோமதிநாயகம்.

பார்த்தார். முதலில் யானைக் கொட்டாரத்துக்குப் போய்ப் பாகன் இருளாண்டியிடம் பேச்சுக் கொடுத்தார். பட்டத்து யானை அலங்காரி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்பாரியில் ராஜா ஏறி உட்கார்ந்தபின் எழுந்திருக்க அது படாத பாடு படுகிறது, முனகுகிறது, முதுகைத் தொட்டால் நகர்ந்துகொள்கிறது என்று பாகன் வருத்தப்பட்டான். கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது.

மறுநாள் சபையில் அவர் எழுந்து, அலங்காரிக்கு முதுகுவலி என்று மட்டும் சொன்னார். ராஜா பதறிப்போனார். அந்த வம்சத்தின் முதல் ராஜாவுக்கு மாலை போட்டு அரசராக்கியதே ஒரு யானைதான். அன்றுமுதல் அந்தக் கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டத்து யானைக்கு உடம்பு முடியவில்லை என்றால், அது தேறும்வரை ராஜாதான் துணை. அது நடக்கும்போது தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். அது தின்ற பிறகே சாப்பிட வேண்டும், அதற்கு வேகவைத்த அதே தானியத்தைத்தான் சாப்பிட வேண்டும்.

யானைக்கு வைத்தியம் சொல்லும்படி மருதப்பரிடம் கேட்டார்கள். அவர் சம்பந்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, விடிந்ததும் ஆற்றங்கரை வரை நடை, கேழ்வரகும் கொள்ளும் கீரையும், பொழுது சாய்வதற்குள் கடைசிக் கவளம், அதன்பின் சத்தமில்லாத தூக்கம் என்றார்.

கொட்டாரம் அரண்மனையை ஒட்டினாற்போல் இருந்தது. ஆகவே கச்சேரி நின்றது.

முதல் சில நாட்கள் ராஜா பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆற்றங்கரை போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. யானை நின்று திரும்பிப் பார்த்துக் காத்திருந்தது. கேழ்வரகுக் களியைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். ஆனால் நடந்து வந்த பசியில் தட்டு காலியானது.

"இருளாண்டி, யானை இவ்வளவு நேரமா தூங்கும்?" என்று ஒரு சாயங்காலம் கேட்டார்.

"காட்டு யானை இவ்வளவு தூங்காதுங்க மகாராஜா. இது அரண்மனை யானை."

விளக்கை அணைத்துவிட்டால் ராஜாவுக்கும் வேறு வேலை இல்லை. படுத்தார். தூங்கினார்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஒத்திகை. ராஜா அம்பாரியில் ஏறினார். அலங்காரி ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்து நின்றது. ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கி வந்தவர் கண்ணில் மருதப்பர் பட்டார்.

"யானை தேறிவிட்டது, வைத்தியரே. ஆனால் எனக்கு நீர் ஓர் உருண்டை மருந்துகூடத் தரவில்லை. நாளையோடு கெடு முடிகிறது. மூட்டை கட்டியாயிற்றா?"

கோமதிநாயகம் முன்னால் வந்தார்.

"மகாராஜா, நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது?"

ராஜா பதில் சொல்ல வாயெடுத்தார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். அங்கே முன்பு இருந்த அளவுக்கு வயிறு இல்லை. இடைக்கச்சை நழுவியது, பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் சுருங்கின.

"என் உத்தரவை மீறியிருக்கிறீர்கள்."

"இல்லை, மகாராஜா. உங்கள் சாப்பாடு, நடை, தூக்கம் பற்றி நாங்கள் மூச்சே விடவில்லை. யானையைப் பற்றித்தான் பேசினோம்."

"அப்படியானால் யானைக்கு முதுகுவலி என்றது பொய்யா?"

"சத்தியமாக வலி இருந்தது. ஆனால் மருதப்பர் தேர்ந்த வைத்தியர். வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்காரவில்லை. வலிக்குக் காரணமானவரைத் தினமும் காலையில் ஆற்றங்கரை வரை நடக்க வைத்தார்."

இருளாண்டி மெல்ல யானையின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

முதலில் ராஜாவின் தோள்தான் குலுங்கியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் இடைக்கச்சை மறுபடி நழுவியது. மருதப்பருக்கு ஒரு முத்துமாலை, சம்பந்திக்கு ஒரு பட்டு. "எல்லோருக்கும் விருந்து! போடுங்கள் இலையை!" என்று கத்திவிட்டு முதல் ஆளாகப் பந்தியில் உட்கார்ந்தார்.

சுடச்சுட அதிரசம் வந்தது. ராஜா கையை நீட்டினார். பாதியில் கை நின்றது. கொட்டாரத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"இருளாண்டி, அது சாப்பிட்டதா?"