தொகுபே வாள்ல ஒரு தங்க எறும்பு

கண்ணை மூடிக்கிட்டே கேளு. ஜப்பான்ல ஒரு ஊர்ல ஒரு சாமுராய் இருந்தான், தொகுபேன்னு பேரு. சண்டைன்னா பத்துத் தெரு சுத்திப் போவான். ம் சொல்லு.

ஒருநாள் பாலத்துல இவாசேன்னு ஒரு முரடன் எதிர்ல வந்தான். இவன் வாளுறை அவன் வாளுறை மேல ‘டக்’குனு முட்டிடுச்சு. அந்த ஊர்ல அது கன்னத்துல அறைஞ்ச மாதிரி. “திருவிழா அன்னைக்கு இதே பாலத்துக்கு வா, வெட்டறேன்”னான். இவனும் “சரிங்க”ன்னுட்டான். வேற என்ன சொல்றது?

அப்புறம் மொசுகே பட்டறைக்கு ஓடினான். வாள்ல பிடிக்கும் அலகுக்கும் நடுவுல, கையில வெட்டு விழாம இருக்க வட்டமா ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதுல பூவும் மீனுமா செதுக்கித் தங்கம் பதிக்கிறவன் மொசுகே.

“என் வாள் தகட்டுல ஏதாவது செதுக்குங்க, பார்த்ததும் இவாசே ஓடணும்”னான் தொகுபே.

டிக் டிக் டிக். புலி வந்துச்சு. தொகுபே பெண்டாட்டி ஒசென் பார்த்துட்டு, “பூனை லட்சணமா இருக்கு”ன்னா.

அப்புறம் டிக் டிக் டிக். பல்லை நறநறன்னு கடிக்கிற பேய். “மாமனார் ஜாடை அப்படியே இருக்கே”ன்னா.

விடிஞ்சா திருவிழா. மொசுகேக்குக் கை விட்டுப்போச்சு. மூணாவதா வெறும் தகட்டு ஓரத்துல அரிசி நொய் அளவு ஒரு தங்க எறும்பைப் பதிச்சு, “இவ்வளவுதான் முடியும்”னு கடையைச் சாத்திட்டான்.

விடிஞ்சுது. பாலத்துல ஒரே கூட்டம். தொம் தொம்னு இவாசே வந்தான். தொகுபே வாளை உறையோட தூக்கித் தகட்டைக் காட்டினான். வந்தவன் நின்னான்.

“அது என்ன, எறும்பா?”

“ஆமாங்க.”

“கடிக்குமா?”

“தங்கமுங்க.”

சரியாத் தெரியலைன்னு இவாசே குனிஞ்சான். இன்னும் குனிஞ்சான். அந்த ஊர்ல எதிர்ல ஒருத்தர் குனிஞ்சா அது வணக்கம். நாம இன்னும் தாழக் குனியணும். தொகுபே பழக்கதோஷத்துல குனிஞ்சுட்டான். இவாசே நிமிர்ந்து பார்த்தா, இவன் வணக்கம் வெச்சுக்கிட்டு நிக்கறான். பதிலுக்கு வெக்காட்டி மரியாதையா? அவனும் வெச்சான். இவன் மறுபடி. ‘ணங்’குனு ரெண்டு மண்டையும் இடிச்சுது. “ராசியாயிட்டாங்கப்பா”ன்னு கூட்டம் கலைஞ்சுது. வணக்கம் வெச்சவனை வெட்ட முடியுமா? இவாசே தலையைத் தேய்ச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டான்.

தூங்கிட்டியா? ம்.

அப்புறம் வீட்டுல ஒசென் அழுது முடிச்சு, திட்டி முடிச்சு, “வாளை எடுத்துத் துடைச்சு வைங்க”ன்னா. தொகுபே உருவினான். வரல. அவ உறையைப் பிடிச்சுக்கிட்டா, இவன் பிடியைப் பிடிச்சு இழுத்தான். ம்ஹூம். உள்ளே மொத்தமும் துரு.

அப்புறம் ஒசென் எந்திரிச்சுப் போயி, அந்த எறும்பு முன்னால ஒரு சிட்டிகை சர்க்கரை வெச்சா. தங்கம் திங்காதுன்னு அவளுக்கும் தெரியும். இருந்தாலும் வெச்சா.

அவ்வளவுதான். எறும்பும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் தூங்கு.