கிளிகள் சொன்ன கிழங்கு

முள்ளி என்ற முள்ளம்பன்றிக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் உடம்பில் இருந்த முள் அத்தனையும் விறைத்து நின்றது. மலைச்சரிவிலிருந்து அவள் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்துக் காட்டுப்பன்றி கூட ஒதுங்கி வழிவிட்டது. பின்னே? நாக்கு வறண்டு கிடக்கும் இரண்டு குட்டிகளைப் புதரில் விட்டுவிட்டு வருகிறவள் சிரித்துக்கொண்டா வருவாள்?

விஷயம் இதுதான். முள்ளி மலையில் கிழங்கு தோண்டுவாள். குளக்கரை முயல்களுக்கு அதைக் கொடுப்பாள். கோடையில் அந்தக் காட்டில் தண்ணீர் நிற்பது அந்த ஒரு குளத்தில்தான். சிறுத்தையும் அங்கேதான் வரும். முள்ளியும் குட்டிகளும் தண்ணீர் குடிக்கும்போது முயல்கள் காவல் நிற்கும். சிறுத்தை வாடை அடித்தால் காலால் தரையைத் தட்டும். கிழங்குக்குக் காவல், காவலுக்குக் கிழங்கு.

காட்டில் விஷக் கிழங்கும் உண்டு. பார்வைக்கு நல்ல கிழங்கு போலவே இருக்கும். அதனால், கொண்டு வருகிறவர் வாங்குகிறவர் கண் முன்னால் ஒன்றைக் கடித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். முள்ளி கடிப்பாள். முயல்களின் தலைவர் சோணை பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காட்டு வம்பெல்லாம் பேசிவிட்டுப் பிரிவார்கள்.

இதற்கு நடுவில்தான் மிளகன் என்ற மரநாய் வந்து சேர்ந்தான். கிழங்கைத் தானே சுமப்பதாகச் சொன்னான். முள்ளி வீணாகச் சுமையோடு மலை ஏறி இறங்க வேண்டாமாம். நம்பிக்கைக்கு என்ன வழி என்று சோணை கேட்டபோது, கிளிகளைக் கூட்டிவந்து நிறுத்தினான்.

மலையிலிருந்து குளம் வரை மரத்துக்கு ஒரு கிளி. மேலே முள்ளி சொல்வதை முதல் கிளி கேட்கும். அடுத்த கிளிக்குச் சொல்லும். அது அதற்கடுத்த கிளிக்கு. ஒவ்வொரு கிளியும் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கும். ஒரு கிளி ஒரு சொல்லை மாற்றினாலும் மற்ற கிளிகள் கத்தித் தீர்த்துவிடும். சொன்னது சொன்னதுதான், யாராலும் அழிக்க முடியாது.

காடே வாயைப் பிளந்தது. முள்ளிக்கும் சந்தோஷம்தான். கால்வலி மிச்சம் என்று அவளும் தலையாட்டினாள். கடித்துக் காட்டுவது நின்றது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவதும் நின்றது.

மிளகன் சும்மா இருப்பானா? பாதி வழியில் நல்ல கிழங்கையெல்லாம் தின்று தீர்த்தான். ஓடைக்கரையில் கைக்கு அகப்பட்ட கிழங்கைத் தோண்டிக் கூடையை நிரப்பினான். கூடைக்குள் எந்தக் கிளி எட்டிப் பார்த்தது? "முள்ளியின் கிழங்கு, நல்ல கிழங்கு" என்று மரத்துக்கு மரம் கத்திக்கொண்டே இருந்தன. அதைத் தின்ற முயல்குட்டிகளுக்குத் தொண்டை வீங்கி, உயிர் போய் உயிர் வந்தது.

சோணை கொதித்துப்போய்க் கிளிகளிடம் சொன்னார். "முள்ளியின் கிழங்கு விஷம்" என்ற பேச்சு ஒரே மூச்சில் மலை ஏறியது. மறுநாள் குட்டிகளோடு தண்ணீருக்கு வந்த முள்ளியைப் பார்த்து முயல்கள் முதுகைத் திருப்பிக்கொண்டன. ஒரு காலும் தரையைத் தட்டவில்லை. சிறுத்தைக்குப் பயந்து, தாகத்தோடு குட்டிகளை ஓட்டிக்கொண்டு திரும்பினாள் அவள்.

அந்தக் கோபம்தான் இப்போது இறங்கி வந்தது.

"என்னண்ணே, என் மேல விஷப் பழி போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நானா போட்டேன்? இத்தனை கிளியும் உன் கிழங்குன்னுதானே சொல்லுது? இத்தனை பேருமா பொய் சொல்வாங்க?" என்றார் சோணை.

குளக்கரை மரத்திலிருந்த மூத்த கிளி பவளம் கழுத்தை நிமிர்த்தியது. தாங்கள் ஒரு சொல்லைக் கூட மாற்றவில்லை என்று பெருமையடித்தது.

"மாத்தலை, சரி. கூடையைத் திறந்து பார்த்தீங்களா?"

முள்ளி மிச்சம் கிடந்த கிழங்கு ஒன்றை எடுத்து, வேடிக்கை பார்த்து நின்றுவிட்டு ஓரமாக நழுவப் பார்த்த மிளகன் முன்னால் போட்டாள்.

"கொண்டு வந்தவன் நீதானே? கடிச்சுக் காட்டு."

தனக்குப் பல்வலி என்றான் மிளகன். விரதம் என்றான். கடைசியில் ஓட்டமெடுத்தான். முள்ளி வழியை மறித்துப் பின்பக்கமாகப் பாய்ந்து ஒரு மோது மோதினாள். மூஞ்சியெல்லாம் முள்ளோடு போனவன் அந்தக் காட்டுப் பக்கமே திரும்பவில்லை.

சோணைக்கு முகம் செத்துவிட்டது. விஷம் என்று சொன்னதை உடனே அழித்துவிடும்படி கிளிகளிடம் கெஞ்சினார்.

"அழிக்க முடியாது," என்றது பவளம். "முள்ளி மேல தப்பில்லைன்னு வேணும்னா புதுசா சொல்லுங்க. அதையும் சேர்த்துச் சொல்றோம். பழசும் இருக்கும்."

சோணை முள்ளியிடம் திரும்பினார். இனி முன்போலவே காவல் நிற்பதாகவும், முன்போலவே அவளே கிழங்கு கொண்டு வரட்டும் என்றும் சொன்னார்.

"கிழங்கு வரும்ணே. என் புள்ளைங்க தண்ணி குடிக்கணுமே," என்றாள் முள்ளி. "ஆனா, இத்தனை வருசப் பழக்கத்துல என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்கணும்னு உங்களுக்குத் தோணலையே. அது எனக்கு ஆறாது."

அன்று மாலை குட்டிகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. முயல்கள் காதை நிமிர்த்திக் காவல் நின்றன. முள்ளி கிழங்கைக் கடித்துக் காட்டி, வைத்துவிட்டு, வம்பு பேச நிற்காமல் மலை ஏறினாள். வழியில், அக்கரைக் காட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு மிளா மான் அவளிடம் கிழங்கு கேட்க நெருங்கியது. மரத்தின் மேலிருந்து கிளி முதலில் பழையதைச் சொன்னது. "முள்ளியின் கிழங்கு விஷம்." அடுத்ததைக் கேட்க மிளா நிற்கவில்லை.

நேரில் பார்க்காமலும் கேட்காமலும் சாட்சியை மட்டும் நம்புகிறவர்கள், அழியாமல் காப்பது உண்மையை அல்ல, முதலில் சொல்லப்பட்ட பொய்யைத்தான்.