கயிற்றில் ஓர் இடம்

பரஞ்சோதி என்ற ஓவியரும் அவருடைய சீடர்களும் மழைக்காலம் முடிந்ததும் தொலைவிலுள்ள ஒரு தீவுக்குப் போய்த் தங்கினார்கள். சேர்ந்து சமைப்பது, சேர்ந்து வரைவது என்று ஏற்பாடு. ஊர்க்காரர்கள் தங்கள் கருவாட்டுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள்.

சீடர்களில் மாசிலாமணி குருவைவிட வயதில் மூத்தவர். பிந்தித்தான் தூரிகையைப் பிடித்தார். அதனால் அவருக்கு எப்போதும் ஓர் அவசரம்.

அந்தத் தீவில் கரைவலை இழுக்கும்போது ஊரே வந்து கயிற்றைப் பிடிக்கும். கை வைத்தவர்களுக்கெல்லாம் மீனில் பங்கு.

ஒரு மாலை, வலை பாறையில் சிக்கிக்கொண்டது. மற்ற சீடர்கள் தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாசிலாமணி மணலில் உட்கார்ந்து, இழுப்பவர்களை வரைந்துகொண்டிருந்தார்.

கயிற்றைப் பிடித்திருந்த ரெஜினா என்ற பெண் கத்தினாள்.

"சார்! எனக்கு முன்னால ஒரு எடம் காலியா கெடக்கு. ஓடியாங்க!"

"ஒரே நிமிஷம்மா. வெளிச்சம் போயிடும்."

"வெளிச்சம் நாளைக்கும் வரும் சார். மீனு வராது!"

இழுத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்தார். எழுந்திருக்கவில்லை.

கயிறு வழுக்கியது. ரெஜினாவின் கைகளை உரசிக்கொண்டு ஓடியது. வலை கிழிந்து, மீன் கடலோடு போயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் கொட்டகைக்கு வந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் துணி சுற்றியிருந்தது. வீட்டில் கிடந்த கருவாட்டைக் குழம்பு வைத்து எடுத்து வந்திருந்தாள். விரல் நுனியால் கரண்டியைப் பிடித்து ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். மாசிலாமணியின் தட்டிலும் ஊற்றினாள்.

"எனக்கு வேண்டாம்மா. நான் கயித்துல கை வைக்கல."

"அதுக்காகப் பட்டினி போடுவாங்களா? கோவம் இருக்கு, இல்லேங்கல. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் போன பிறகு படத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"கிழிச்சுப் போட்டுடட்டுமா ஐயா?"

குரு விளக்கைத் தூக்கிப் படத்தைப் பார்த்தார்.

"நீங்க வரைஞ்சதுலயே இதுதான் நல்ல படம்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவர் மாசிலாமணி. இப்போது தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

குரு படத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். ரெஜினாவுக்கு முன்னால் கயிறு மட்டும் இருந்தது. ஆள் இல்லை.

"இதைக்கூட விடாம வரைஞ்சிருக்கீங்க."

"கண்ணுல பட்டதை வரைஞ்சேன்." மாசிலாமணி தூரிகையை எடுத்தார். "அந்த எடத்துல என்னை வரைஞ்சு சேர்த்துடட்டுமா?"

"வேண்டாம். படத்துல அது அப்படியே இருக்கட்டும்."

குரு விளக்கைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு வலை தைக்க ஒரு ஆள் வேணுமாம். ரெஜினா சொல்லிட்டுப் போனாங்க. அவங்களால ஊசி பிடிக்க முடியாதாம்."