பின்தெருவின் பதினோரு கிணறுகள்

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி உண்டு. விடை தேடுகிறவர்கள், இதில் யார் எதை யாரிடம் சொன்னார்கள் என்பதைக் கவனித்து வந்தால் போதும்.

நெல்லைச் சீமையில் ஒரு தனியார் மருத்துவமனை. பச்சிளங்குழந்தைகளுக்கென்று அங்கே புதுக் கட்டடம் தொடங்கியிருந்தார்கள். அந்த வேலையால் அக்கம்பக்கத்து மண்ணுக்கும் நீருக்கும் மனிதருக்கும் கேடு வராமல் பார்த்துக்கொள்வது தில்லைநாயகியின் உத்தியோகம். மருத்துவமனையை ஒட்டிய பின்தெருவின் பதினோரு வீட்டாரையும் கூட்டி, "உங்கள் கிணறு வற்றினால் அந்தக் கணமே வேலை நிற்கும்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலை, அடித்தளக் குழியின் இருபத்தெட்டாவது அடியில் பாறை பிளந்தது. ஆள் உயரத்துக்குப் பீறிட்டது தண்ணீர். தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். மேலே நின்ற தில்லைநாயகிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை கட்டில்களுக்கும் அடியில் இவ்வளவு காலமாக இதுவா ஓடிக்கொண்டிருந்தது!

குழியை ஒட்டிய பழைய கட்டடத்தில் ஐந்து குறைமாதக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. குழி நிரம்பினால் அந்தக் கட்டடத்துச் சுவரின் அடிமண் கரைந்துவிடும் என்றார் பொறியாளர். மோட்டார்கள் இறைக்கத் தொடங்கின. நண்பகலுக்குள் பின்தெருக் கிணறுகளில் தரை தெரிந்தது. குழந்தைகளைப் பத்திரமாக வேறு கட்டடத்துக்கு மாற்றவோ மாலை ஆறு மணி ஆகும்.

தலைமை மருத்துவர் ஆவுடையப்பன் அவளைத் தனியே அழைத்தார்.

"தெருவுல ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நடக்கிறது அவங்களுக்குத் தெரியாது. கோடையில வத்திட்டுன்னு நினைச்சுக்குவாங்க. பழி என்னோடதா இருக்கட்டும்."

"அவங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன், சார்."

"அவங்க நிறுத்தச் சொல்லிட்டா?"

 தில்லைநாயகி தெருவுக்கு நடந்தாள்.

தெருவின் முதல் வீடான மரியபுஷ்பத்தின் வீட்டில், முந்தின நாள்தான் கன்று போட்ட எருமை தாகத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. தில்லைநாயகி கைகூப்பினாள்.

"உங்க கிணத்துத் தண்ணியத்தான் எங்க மோட்டார் இழுக்குது, அக்கா. வாக்கு மீறிட்டேன். ஒருதரம் வந்து பாருங்க. அப்புறம் என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

மற்றப் பத்து வீட்டிலும் இதையே சொன்னாள். பதினோரு வீட்டாரும் கோபத்தோடுதான் வந்தார்கள். ஊற்றைக் கண்டதும் சிலர் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு, கண்ணாடிக்கு அப்பால் உள்ளங்கை அகல நெஞ்சுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். மாலை ஆறு வரை இறைக்காவிட்டால் இந்தச் சுவர் நிற்காது என்று சொல்லி, மோட்டார் ஓடட்டுமா என்று தில்லைநாயகி கேட்டாள். மரியபுஷ்பம்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஓடட்டும்மா. எருமைக்கு நாங்க ஆத்துல போய்ச் சுமந்துக்கிடுதோம். நீங்க பிள்ளையளப் பாருங்க."

ஒருவர் விடாமல் தலையசைத்தார்கள். அன்று பிற்பகல் முழுக்க, கொளுத்தும் வெயிலில், ஆற்றுக்கும் தெருவுக்கும் குடங்கள் நடந்தன. தில்லைநாயகியும் ஒரு குடம் சுமந்தாள்.

மணி ஆறு அடிக்கும் முன்பே ஐந்தாவது குழந்தையும் மாறி, பழைய கட்டடம் காலியானது. ஆவுடையப்பன் தாமே போய் மோட்டாரை நிறுத்தினார். நீர் குழியில் நிதானமாக ஏறி வந்தது. "இதுமேல கட்ட வேண்டாம். மேற்கே இடம் இருக்கிற அளவுக்குச் சின்னதாக் கட்டிக்குவோம்" என்றார். மறுநாள் விடிந்தபோது பதினோரு கிணறுகளிலும் வானம் தெரிந்தது.

பழியை ஏற்கத் துணிந்து, கடைசியில் பெரிய கட்டடத்தையும் விட்டுக்கொடுத்த மருத்துவர். வாக்குத் தவறியதைத் தானே போய்ச் சொன்ன தில்லைநாயகி. தன் தண்ணீரை ஈந்த மரியபுஷ்பம். இம்மூவரில் யார் செய்தது பெரிது?

விடை: மருத்துவர் உயிர்களைக் காத்தார், ஆனால் பிறர் நீரைச் சொல்லாமல் எடுக்கவும் துணிந்தார். மரியபுஷ்பத்தின் மனசுக்கு அளவே இல்லை. அவள் பெயரைச் சொல்கிறவர்களைத் தப்பென்று சொல்லமாட்டேன். என் தீர்ப்பு தில்லைநாயகிக்கு. கேளாமலே இறைத்துக்கொண்டிருந்தால் அத்தனை நீரும் களவு. மறுக்கக்கூடியவர்கள் என்று தெரிந்தே அவர்களிடம் போய் நின்றாள். அதனால்தான் அது கொடையாயிற்று.